தசைப்பிடிப்பு என்று சொன்னோம்

விடுமுறைப் பயணங்களைப் பற்றி இப்பகுதியில் எழுத வேண்டும் என்று வாசகர் சிலர் அவ்வப்போது கேட்பதுண்டு. எங்கே செல்லலாம், எங்கே தங்கலாம், பிள்ளைகளுக்கு எதைக் காட்டலாம் என்பன போன்ற செய்திகளை அவர்கள் எதிர்பார்க்கிறார்கள். நாமும் ஒரு பயணத்தைப் பற்றித்தான் இம்மாதம் எழுதுகிறோம். ஆனால் அது பாதி வழியில் முறிந்த பயணம். மாதந்தோறும் பிறருக்கு அறிவுரை கூறிப் பழகிவிட்ட நமக்கு, நாமே கூறிய ஒரு தவறான அறிவுரையை எழுத்தில் வைக்க இத்தனை நாள் கை வரவில்லை. அதனால் ஓர் உயிர் போக இருந்தது. அவ்வுயிர் நம் உற்ற நண்பருடையது. "எழுது, நாலு பேருக்குப் பயன்படட்டும்" என்று அவரே இப்போது இசைவு தந்துவிட்டதால் எழுதுகிறோம்.

நமக்கு ஓட்டப் பழக்கம் உண்டு. பதக்கம் வாங்கும் ஓட்டமன்று. நாற்பதை நெருங்கும்போது இரத்தக் கொதிப்புக்கு அஞ்சித் தொடங்கிய ஓட்டம். திருச்சியில் காவிரிக் கரையை ஒட்டிய சாலையில், விடியுமுன் ஒரு மணி நேரம் ஓடுவோம். நண்பரும் நம் பங்கைச் சேர்ந்தவர். நம் இளைய மகனுக்கு ஞானத்தந்தை. 2009ஆம் ஆண்டு முதல் இருவரும் சேர்ந்தே ஓடி வந்தோம். பேசிக்கொண்டு ஓடுவதில்லை. பதினான்கு ஆண்டுகள் ஒருவர் பக்கத்தில் ஒருவர் வாய் திறவாமல் ஓடினால், முகத்தை விட மூச்சு நன்கு பழகிவிடுகிறது. இருட்டில் பின்னால் வருபவர் அவர்தாமா என்பதை மூச்சொலியைக் கொண்டே சொல்லிவிடுவோம்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. காலையில் படுக்கையை விட்டு எழுமுன் மணிக்கட்டில் நாடியைப் பிடித்து எண்ணி, ஒரு பழைய நோட்டில் குறித்து வைப்பார். ஓய்வாக இருக்கும் மனிதருக்கு நிமிடத்திற்கு 60 முதல் 100 வரை நாடி துடிப்பது இயல்பு என்பார்கள். நெடுந்தூரம் ஓடுபவர்களுக்கோ இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் மிகுதியான இரத்தத்தை வெளியேற்றப் பழகிவிடுவதால், ஐம்பதுக்கும் கீழே இறங்கிவிடுவதுண்டு. நண்பருடைய எண் 48. நோட்டைக் கண்டு நாம் அவரைக் கேலி செய்ததற்குக் கணக்கில்லை. அந்த நோட்டு இக்கதையில் மீண்டும் வரும்.

2023ஆம் ஆண்டு ஏப்ரலில் ஒரு காலை, ஓடிக்கொண்டிருந்தவர் சட்டென நின்று திரும்பிப் பார்த்து, "யார் கல்லை எறிந்தது?" என்று கேட்டார். எவரும் எறியவில்லை. கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு பிணைக்கும் தடித்த நாண் அறுந்துவிட்டது. அது அறும்போது பின்னாலிருந்து யாரோ அடித்தது போலவே தோன்றுமாம். கிரேக்க வீரன் அக்கிலீசின் பெயரால் வழங்கும் நாண் அது. உடலிலேயே மிகத் தடித்த நாண் அதுதான். ஆயினும் ஐம்பதை ஒட்டிய வயதில் ஓடுபவர்களுக்கும் பந்தாடுபவர்களுக்கும் அது அறுவதுண்டு. மருத்துவமனையில் சேர்த்து அறுவை செய்து, நாணைத் தைத்து, முழங்காலுக்குக் கீழே மாவுக்கட்டுப் போட்டு நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். சிகிச்சையில் குறை ஏதும் இல்லை. நாம் மாலைதோறும் சென்று பார்த்து, அவருடைய மாவுக்கட்டின்மேல் நம் மகன் படம் வரைவதற்கும் துணை நின்றோம்.

மே மாத நடுவில் நம் குடும்பத்தின் பயணம். புனித தேவசகாயம் 2022 மே 15ஆம் நாள் உரோமையில் புனிதர் பட்டம் பெற்றபோதே, அவர் 1752 சனவரி 14இல் சுடப்பட்டு வேதசாட்சியாக மரித்த ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்வதாக வாக்களித்திருந்தோம். அதற்கு ஓராண்டு ஆகிவிட்டது. மகன் நாள்காட்டியில் வட்டமிட்டு வைத்திருந்தான்.

புறப்படுவதற்கு முன்தினம் இரவு நண்பர் தொலைபேசியில் அழைத்தார். நாம் அப்போது வண்டிச் சக்கரங்களுக்குக் காற்று நிரப்பிவிட்டு வந்து, பைகளை அடுக்கிக்கொண்டிருந்தோம்.

"கெண்டைக்கால் ஒரே பிடிப்பாக இருக்கிறது. கட்டு இறுக்குகிற மாதிரி தெரிகிறது. டாக்டரைக் கூப்பிடலாமா?" என்றார்.

தசைப்பிடிப்புதான், பதினைந்து நாளாக அசையாத காலுக்கு வேறென்ன வரும், காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு உறங்கு, நிறையத் தண்ணீர் குடி என்று நாம் சொன்னோம். "நீ சொன்னால் சரிதான்" என்று அவர் வைத்துவிட்டார். ஒரு நிமிடங்கூட ஆகியிராது. உடனே நாம் பைகளுக்குத் திரும்பிவிட்டோம்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். ஓடுபவர்களுக்குக் கெண்டைக்கால் வலி அன்றாடச் சோறு போன்றது. அது வரும், போகும். அதற்கு எண்ணெய் தடவுவோம், நீட்டி மடக்குவோம், மறுநாள் மறந்துவிடுவோம். வலியைப் பொருட்படுத்தாமல் இருப்பதையே ஒரு திறமையாக வளர்த்துக்கொண்டவர்கள் நாங்கள். மருத்துவம் ஒன்றும் படியாத ஒருவர் அதே கேள்வியை எதிர்கொண்டிருந்தால், "எனக்குத் தெரியாதப்பா, டாக்டரைக் கேள்" என்று சொல்லியிருப்பார். நமக்கோ தெரிந்திருந்தது.

விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். நாம், நம் துணைவியார், செவிலியர் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு பயிலும் மகள், பன்னிரண்டு வயது மகன். திருச்சியிலிருந்து மதுரை, அங்கிருந்து விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி, திருநெல்வேலி என்று தெற்கே இறங்கும் நான்கு வழிச் சாலை. முன்பு மதுரைக்குத் தெற்கே ஏழாம் எண் நெடுஞ்சாலை என்று பெரியவர்கள் சொல்லும் சாலைக்கு இப்போது 44 என்று பெயர். நிற்காமல் ஓட்டுவதில் நமக்கு ஒரு பெருமை. இட்லிப் பொட்டலத்தை வண்டியிலேயே பிரித்தார்கள். "காலை நீட்ட வேண்டும், அப்பா" என்று மகள் இரண்டு முறை கேட்டாள். கோவில்பட்டியில் நிறுத்துவதாகவும், அங்கே கடலைமிட்டாய் வாங்கித் தருவதாகவும் சொல்லி வாயடைத்தோம். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற மிட்டாய் ஆயிற்றே என்று அதற்கொரு சிறு சொற்பொழிவும் நடத்தினோம்.

கோவில்பட்டியில் ஒரு தேநீர்க் கடையருகில் நிறுத்தியபோது மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது. மகன் தன் ஞானத்தந்தையிடம் பேச வேண்டும் என்றான். அழைத்து, எல்லாரும் கேட்கும்படி ஒலியைக் கூட்டி வைத்தோம்.

"மிட்டாய்... எனக்கும்... இரண்டு பொட்டலம்" என்றார் நண்பர்.

நாம் மகனிடமிருந்து கைபேசியை வாங்கினோம். அந்த மூச்சு நமக்குப் பழக்கமானதன்று. எட்டாவது கிலோமீட்டரில் மேட்டின்மேல் ஏறும்போதுகூட அவர் அப்படி மூச்சு வாங்கியதில்லை. என்ன ஆயிற்று என்று கேட்டோம். கழிவறைக்கு ஊன்றுகோலில் போய் வந்ததாகவும், அதனால் இளைப்பு என்றும், பதினைந்து நாள் ஓடாவிட்டால் உடம்பு இப்படியா கெட்டுப்போகும் என்றும் சொல்லிச் சிரிக்க முயன்றார். கால் எப்படி என்றதற்கு, பிடிப்பு விடவேயில்லை என்றார்.

வண்டியிலிருந்து இறங்கி நின்ற மகள் இதைக் கேட்டாள். "எந்தக் கால், அப்பா? கட்டுப் போட்ட காலா? எப்போதிருந்து? மூச்சு எப்போதிருந்து?" என்று அடுக்கினாள். முந்திய இரவின் உரையாடலை நாம் சொன்னபோது அவள் நம்மைப் பார்த்த பார்வையை இங்கே விவரிக்கப் போவதில்லை. "மாமாவை இப்பொழுதே மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். மாலைக்கு அல்ல, இப்பொழுதே" என்றாள்.

அவள் அஞ்சியது என்ன என்பதை வாசகர்களுக்குச் சொல்லியாக வேண்டும். காலுக்கு இறங்கிய இரத்தம் மேலே இதயத்துக்கு ஏறுவது எளிதன்று. ஆழத்தில் ஓடும் சிரைகளைக் கெண்டைக்கால் தசைகள் ஒவ்வோர் அடியிலும் பிழிந்து பிழிந்து மேலே தள்ளுகின்றன. சிரைக்குள் இருக்கும் சிறு கதவுகள் ஏறியது மீண்டும் இறங்காமல் தடுக்கின்றன. கெண்டைக்காலை இரண்டாம் இதயம் என்று சிலர் சொல்வது இதனால்தான். மாவுக்கட்டுக்குள் அடைபட்ட காலில் இந்த இறைப்பு நின்றுவிடுகிறது. பெர்லின் நகர மருத்துவ மேதை ருடால்ஃப் விர்ச்சோ 1856 வாக்கிலேயே இதைப் பற்றி எழுதினார். இரத்தம் தேங்கி நிற்பது, குழாயின் சுவர் காயப்படுவது, இரத்தமே எளிதில் உறையும் தன்மை பெறுவது என்னும் மூன்றும் இன்றளவும் அவர் பெயராலேயே கற்பிக்கப்படுகின்றன. அறுவை சிகிச்சை இம்மூன்றையும் ஒருசேரக் கொண்டு வந்துவிடுகிறது. காயத்தை ஆற்றுவதற்காக உடல் தானே இரத்தத்தின் உறையும் ஆற்றலைக் கூட்டிக்கொள்கிறது. அப்படி உறைந்த கட்டி காலிலேயே இருந்தால் வீக்கமும் வலியும் தரும். அதிலிருந்து ஒரு துண்டு பெயர்ந்தால், இதயத்தின் வலப்பக்கம் வழியே சென்று நுரையீரல் குழாயை அடைக்கும். அப்போது மூச்சு முட்டும். அடைப்புப் பெரிதானால் நிமிடங்களில் உயிர் போகும்.

இருபது வயதுப் பெண் தேநீர்க் கடை வாசலில் நின்று இவ்வளவையும் நமக்கு விளக்கவில்லை. "காலில் இரத்தக் கட்டி, அப்பா, நுரையீரலுக்குப் போயிருக்கலாம்" என்று மட்டுமே சொன்னாள்.

நண்பரின் மனைவியை அழைத்தோம். அவர் தயங்கினார். மறுவாரம் கட்டுப் பிரிக்க எப்படியும் போகத்தானே வேண்டும், இன்று ஆட்டோவில் ஏற்றி இறக்கினால் தையல் விட்டுவிடாதா என்றார். மகள் கைபேசியை வாங்கி, "அத்தை, ஆட்டோ வேண்டாம். 108க்குக் கூப்பிடுங்கள். மாமா நடக்கவே கூடாது" என்றாள். அந்தக் குரலுக்குப் பணியாமல் இருப்பது அரிது. முக்கால் மணி நேரத்தில் அவசரப் பிரிவில் இருந்தார்கள்.

அங்கே பணியில் இருந்த இளம் மருத்துவர் சோதித்தார். இரத்த அழுத்தம் குறையவில்லை. நாடி 94, நூறுக்குள்தான் இருக்கிறது. அறுவைக்குப் பிந்திய களைப்பும் அச்சமுமாக இருக்கலாம், சற்றுக் காத்திருந்து பார்ப்போம் என்றாராம். நண்பரின் மனைவி இதை நமக்குச் சொன்னபோது, சாலையோரத்தில் லாரி இரைச்சலுக்கு இடையில் நின்றிருந்த நமக்கு அந்த நோட்டு நினைவுக்கு வந்தது. கைபேசியை மருத்துவரிடம் கொடுக்கச் சொன்னோம். இவர் நெடுந்தூரம் ஓடுபவர், ஓய்வில் இவருடைய நாடி 48, ஆண்டுக் கணக்காக எழுதி வைத்த நோட்டு வீட்டில் இருக்கிறது, 94 என்றால் இவருக்கு அது இரண்டு மடங்கு என்று சொன்னோம். அந்த இளைஞர் வாதிடவில்லை. ஒரு கணம் பேசாதிருந்து, "நன்றி ஐயா" என்று சொல்லித் தொடர்பைத் துண்டித்தார். அரை மணியில் சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டது. வலப்பக்க நுரையீரலின் குழாய்க் கிளை ஒன்றில் கட்டி இருந்தது. காலில் இன்னும் பெரியது இருந்தது.

முந்திய இரவு தவறாகச் சொன்ன அதே வாய்தான் இதையும் சொன்னது. இரண்டையும் ஒன்றுக்கொன்று கழித்துப் பார்க்க நாம் பல நாள் முயன்றதுண்டு. கணக்கு நேராகவில்லை.

கோவில்பட்டியில் வண்டியைச் சுற்றி நின்றோம். திரும்புவதா, போவதா? மகன் காற்றாடிமலையைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. அதுவே நம்மை வருத்தியது. நம் துணைவியார்தாம் முடிவு செய்தார். "நாம் நால்வரும் போய் நிற்பதற்கு அங்கே இடமில்லை. நீங்கள் பேருந்தில் திரும்புங்கள். வண்டியை நான் ஓட்டுகிறேன். பிள்ளைகள் அங்கே போய் அவருக்காக வேண்டிக்கொள்ளட்டும்" என்று சாவிக்குக் கை நீட்டினார். திருநெல்வேலியைத் தாண்டி அவர் அதுவரை வண்டி ஓட்டியதில்லை. நாம் மதுரைப் பேருந்தில் ஏறினோம். சன்னலோரம் அமர்ந்து, முழங்கால் முன்னிருக்கையில் இடிக்க, கெண்டைக்காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தோம். நமக்கு அங்கே ஒன்றும் இல்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வெளியே நண்பரின் மனைவி மரப்பலகையில் அமர்ந்திருந்தார். உள்ளே ஒருவருக்கு மேல் விடுவதில்லை. அருகில் அமர்ந்து, நாம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டோம். தசைப்பிடிப்பு என்று அவருக்குச் சொன்னவர் நாமே என்றோம்.

"தெரியும்" என்றார் அவர். "ராத்திரி நான் டாக்டருக்குப் போன் பண்ண எடுத்தேன். நீங்கள் சொல்லிவிட்டீர்கள் என்று இவர் வாங்கி வைத்துவிட்டார்."

அதன்பின் நெடுநேரம் அவர் பேசவில்லை. கைப்பையில் மருத்துவமனைக் காகிதங்களை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார். அவற்றின் நடுவில் வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளும் இருந்தது. ஆங்கிலத்தில், கடைசிப் பத்தியில், கெண்டைக்காலில் வலி அல்லது வீக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் இருந்தால் உடனே வர வேண்டும் என்று அச்சிட்டிருந்தது. மருந்துக் கடை ரசீதுகளோடு அது பையில் கிடந்தது. அவரும் படிக்கவில்லை, மாலைதோறும் சென்ற நாமும் ஒருநாள் கேட்டு வாங்கிப் படிக்கவில்லை. நம் பங்குகளில் ஆங்கிலம் அறிந்த இளைஞர்களுக்குக் குறைவில்லை. அறுவை சிகிச்சை முடிந்து வருபவரின் வீட்டுக்கு ஆரஞ்சுப் பழம் கொண்டுபோகிறவர்கள், அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, தமிழில் பெரிய எழுத்தில் எழுதிக் கட்டில் அருகே ஒட்டிவிட்டு வந்தால் பழத்தை விடப் பயன்படும்.

மறுநாள் பங்குத்தந்தை நோயில்பூசுதல் கொடுக்க வந்தார். நண்பரின் வயது முதிர்ந்த தாயார் அவரைக் கண்டதும் வாய்விட்டு அழுதுவிட்டார். அவர் காலத்தில் அதற்கு அவஸ்தைப்பூசுதல் என்று பெயர். சாகப் போகிறவருக்கே குருவானவர் எண்ணெயோடு வருவார். 1972இல் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் அச்சடங்கைப் புதுப்பித்து, அது கடும் நோயுற்றோர் அனைவருக்கும் உரியது என்று தெளிவாக்கி அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. பாட்டிமாரின் நெஞ்சுக்கு அது இன்னும் எட்டவில்லை. "நான் சாகவில்லை, அம்மா. சாமி என்னை எழுந்து நடக்கச் சொல்ல வந்திருக்கிறார்" என்று உயிர்வளிக் குழாயோடு நண்பர் சொன்னாராம்.

ஐந்து நாள் ஹெப்பாரின் ஊசி போட்டார்கள். 1916இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜே மக்லீன் என்னும் மருத்துவ மாணவர், இரத்தத்தை உறையச் செய்யும் பொருளைத் தேடப்போய் உறையவிடாத பொருளைக் கண்டார். ஈரலிலிருந்து கிடைத்ததால் அதற்கு அப்பெயர். அது கட்டியைக் கரைப்பதில்லை. மேலும் வளரவிடாமல் காக்கிறது. கரைக்கும் வேலையை உடலே மெல்லச் செய்துகொள்கிறது. ஆகவே மருந்தைப் பல மாதம் தொடர வேண்டும். ஊசிக்குப் பின் வார்ஃபரின் என்னும் மாத்திரை. புதிய மாத்திரைகளும் இப்போது உண்டு; நண்பருக்குக் கட்டுபடியானது பழையதுதான்.

இம்மாத்திரையின் வரலாறும் ஒரு சாலைப் பயணத்தில் தொடங்குகிறது. 1920களில் வட அமெரிக்காவில், கெட்டுப்போன இனிப்புத் தீவனப்புல்லைத் தின்ற மாடுகள் சிறு காயத்திலும் இரத்தம் நிற்காமல் மடிந்தன. 1933 பிப்ரவரியில் விஸ்கான்சின் மாநில விவசாயி ஒருவர், செத்த கிடாரியையும், உறையாத இரத்தம் நிறைந்த பால்பாத்திரத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, பனிப்புயலில் முந்நூறு கிலோமீட்டர் ஓட்டிச் சென்று மாடிசன் நகரப் பல்கலைக்கழகத்தில் கார்ல் லிங்க் என்னும் வேதியியலாரின் முன் இறக்கினார். அந்த ஆராய்ச்சியின் கிளையாகவே வார்ஃபரின் பிறந்தது. 1948இல் எலி மருந்தாக விற்கப்பட்டது. 1954இல் மனிதருக்கான மருந்தாக ஏற்கப்பட்டது. மறு ஆண்டே அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கும் கொடுக்கப்பட்டது. எலி மருந்து என்ற பகுதியை நண்பரின் தாயார் முன்னிலையில் சொல்லியிருக்க வேண்டாம். மகனுக்கு நஞ்சு கொடுக்கிறார்கள் என்று அவர் ஒரு நாள் முழுதும் உண்ணவில்லை.

துன்பம் அத்தோடு தீரவில்லை. இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மருந்தால், தைத்த இடத்தில் இரத்தம் கசிந்து தேங்கி, காயத்தை மறுபடி திறந்து கழுவ வேண்டியதாயிற்று. பல் விளக்கினால் ஈறில் இரத்தம். ஒவ்வொரு வாரமும் இரத்தம் உறையும் அளவைச் சோதித்து, எண் 2க்கும் 3க்கும் இடையில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். கூடினால் இரத்தப்போக்கு, குறைந்தால் மீண்டும் கட்டி. ஒருமுறை எண் காரணமின்றி இறங்கிவிட்டது. விசாரித்தால், உடம்பு தேற வேண்டுமென்று தாயார் ஒரு வாரமாக இருவேளையும் முருங்கைக்கீரை சமைத்திருக்கிறார். கீரையில் உள்ள கே வைட்டமின் இம்மருந்துக்கு எதிராளி. கீரையை விட்டுவிட வேண்டியதில்லை. கூட்டாமல் குறைக்காமல் வாரந்தோறும் ஒரே அளவாக உண்டால் போதும், மருந்தின் அளவை அதற்கேற்ப மருத்துவர் வகுப்பார். கடையில் தாமே வாங்கும் வலி மாத்திரைகள் மட்டும் இம்மருந்தோடு அறவே கூடாது.

அந்தக் கீரை விவகாரத்தின்போதுதான் நண்பரின் மனைவி நம்மைத் தொலைபேசியில் அழைத்து, "அண்ணா, அம்மாவிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். நான் சொன்னால் கேட்க மாட்டார்கள்" என்றார். மருத்துவமனை மரப்பலகையில் அமர்ந்த நாளுக்குப் பின் அவர் நம்மை அண்ணா என்று அழைத்தது அன்றுதான். ஏழு வாரம் ஆகியிருந்தது.

பயணம் பற்றிக் கேட்ட வாசகர்களுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. அறுவையும் மாவுக்கட்டும் இல்லாதவர்களுக்குக்கூட நெடுநேரம் அசையாமல் உட்கார்ந்திருப்பது நல்லதன்று. 1940இல் இலண்டன் மாநகரில் குண்டுவீச்சுக்கு அஞ்சி நிலத்தடிப் புகலிடங்களில் இரவெல்லாம் சாய்வு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் சிலர், குண்டு எதுவும் விழாமலே, எழுந்த சற்று நேரத்தில் மாண்டார்கள். நாற்காலியின் முன்சட்டம் தொடையின் கீழ் அழுத்தி, காலில் இரத்தம் உறைந்ததே காரணம் என்று கீத் சிம்சன் என்னும் மருத்துவர் எடுத்துக்காட்டினார். உலக நலவாழ்வு நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, வானூர்தியானாலும் பேருந்தானாலும் காரானாலும், நான்கு மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் அமர்ந்து பயணம் செய்தால் இவ்வகைக் கட்டி உண்டாகும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது. அஞ்ச வேண்டாம்; அப்போதும் அது ஏறக்குறைய ஆறாயிரம் பேரில் ஒருவருக்குத்தான். எனினும் அண்மையில் அறுவை செய்துகொண்டவர்கள், முன்பு கட்டி வந்தவர்கள், கருவுற்றவர்கள், புதிதாய்ப் பிள்ளை பெற்றவர்கள், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்கள் அந்த ஆறாயிரத்தில் சேரமாட்டார்கள். அவர்கள் திருத்தலப் பயணமே ஆனாலும் மருத்துவரைக் கேட்டே புறப்பட வேண்டும். நாம் கோவில்பட்டி வரை நிறுத்தாமல் ஓட்டியது நான்கு மணி நேரம் என்பதைப் பின்னர்தான் எண்ணிப் பார்த்தோம்.

மருந்து ஆறு மாதத்தில் நிறுத்தப்பட்டது. மருத்துவரின் இசைவு பெற்று, 2023 திசம்பரில் கிறிஸ்து பிறப்பு விடுமுறையில் இரு குடும்பமும் ஒரு வாடகை வேனில் மீண்டும் தெற்கே புறப்பட்டோம். ஒன்றரை மணிக்கு ஒருமுறை நண்பரின் கைபேசி மணியடிக்கும். அடித்தால் ஓட்டுநர் நிறுத்தியாக வேண்டும். பாட்டி உட்பட எல்லாரும் இறங்கி, வேனைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இருபது முறை எழும்பி எழும்பி நிற்க வேண்டும்; எண்ணிக்கை நம் மகனுடையது. சாத்தூரில் தேநீர்க் கடைக்காரர் இதைக் கண்டு கையிலிருந்த குவளையை வைத்துவிட்டு, "எந்தச் சபைங்க நீங்க?" என்று கேட்டார்.

காற்றாடிமலையை அடைந்தபோது மாலை வெயில் சாய்ந்துவிட்டது. ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்று வேட்டியைப் பிடித்து இழுத்தது. பிள்ளைகள் முன்னே ஓடிவிட்டார்கள்; முன்பே வந்தவர்கள் ஆதலால் மணியடிச்சான் பாறையைத் தட்டி ஒலி எழுப்பிப் பாட்டிக்குக் காட்ட அவர்களுக்கு அவசரம். நண்பர் நம் தோளில் ஒரு கையை வைத்துக்கொண்டு மெல்ல ஏறினார். மூச்சு இன்னும் பழையபடி ஆகவில்லை. மூன்று அடிக்கு ஒன்று, சற்றுப் பொறுத்து இரண்டு, பிறகு மூன்றுக்கு ஒன்று.

"எண்ணிக்கொண்டு வருகிறாயா?" என்று கேட்டார்.

இல்லை என்று சொன்னோம். அவர் நம்பவில்லை. சிறிது நேரம் நின்று, இருவரும் மீண்டும் ஏறத் தொடங்கினோம்.